பின்சீட்டுக்கு மைக் கிடையாது

இரண்டு வருஷம் கழித்து, வெளிநாட்டிலிருந்து இரண்டு வார விடுப்பில் வந்த என் வீட்டுக்காரர், வந்த மறுநாளே செய்த முதல் காரியம் ஒரு மோட்டார்சைக்கிளை வாடகைக்கு எடுத்ததுதான். மகளுக்குக் கொண்டுவந்த பொம்மையின் பெட்டியை அதுவரை பிரிக்கவில்லை. பிரித்துக் கொடுக்கக் கத்திரிக்கோல் தேடிக்கொண்டிருந்தபோது கடையிலிருந்து போன் வந்துவிட்டது, வண்டி தயார் என்று. பொம்மை பெட்டிக்குள்ளேயே சிரித்துக்கொண்டிருந்தது.

பயணத்துக்கு ஒரு பெயரும் வைத்திருந்தார்: "உறவுகளைத் தேடி". யாரும் தொலைந்துபோயிருக்கவில்லை. எல்லாரும் அவரவர் வீட்டில்தான் இருந்தார்கள், போன் எண்ணைக்கூட மாற்றவில்லை. காணாமல் போயிருந்தவர் இவர் ஒருவர்தான். ஆனால் தேடிப் போகிறவருக்கு ஒரு கெத்து இருக்கிறதே, அதற்கென்று ஒரு உடுப்பும் வாங்கிவந்திருந்தார். தோளிலும் முழங்கையிலும் பலகை வைத்துத் தைத்த கறுப்புச் சட்டை, முழங்காலுக்கு ஆமை ஓடு மாதிரி ஒரு கவசம், ஹெல்மெட் உச்சியில் கொம்பு போல ஒரு கேமரா. அதையெல்லாம் மாட்டிக்கொண்டு கூடத்தில் நடந்து பார்த்தார். கையை முழுசாகத் தொங்கவிட முடியவில்லை, குனியவும் முடியவில்லை, உட்கார்ந்தால் சட்டை மேலே ஏறித் தாடையை முட்டியது. ஆகையால் பெரிய மனிதத் தோரணை தானாகவே வந்துவிட்டது.

எனக்கு அவரிடமிருந்து தேவைப்பட்டது ஒரே ஒரு பதில்.

நான் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறேன். அறுவை அறையிலிருந்து ரத்தமும் பிசுக்குமாக வரும் கத்தி, கத்திரி, இடுக்கிகளை வாங்கிக் கழுவி, மூட்டுகளைத் திறந்து தேய்த்து, சரிபார்த்து, துணியில் பொட்டலம் கட்டி, நீராவி இயந்திரத்தில் ஏற்றி, திரும்ப அனுப்புகிற பிரிவு. பொட்டலத்தின் மேல் ஒரு நாடா ஒட்டுவோம். ஆவி சரியாகப் பட்டால் அதிலிருக்கும் கோடுகள் கறுக்கும். கறுக்காத பொட்டலத்தை எவ்வளவு பெரிய டாக்டர் வந்து கதவைத் தட்டினாலும் கொடுக்கமாட்டோம். அந்தக் கதவுக்கு உள்ளே எனக்கு ஒரு மரியாதை உண்டு.

போன வருஷக் கடைசியில் இவர் போனில் சொன்னார், குடும்ப விசா முக்கால்வாசி முடிந்தது, இந்தத் தடவை வந்ததும் உங்களையும் கூட்டிக்கொண்டுதான் கிளம்புவேன், வேலையை விட்டுவிடு என்று. அவர் வரும் தேதி தெரிந்ததும் நானும் விலகுவதாக எழுதிக் கொடுத்தேன். கொடுத்த சில நாளிலேயே மேட்ரன் கூப்பிட்டார். எங்கள் பிரிவின் பொறுப்பாளர் ஓய்வு பெறுகிறார், அந்த இடத்துக்கு என்னைத்தான் மனதில் வைத்திருந்தார்களாம். வீட்டுக்காரர் வந்ததும் கேட்டுச் சொல், ஆனால் அவர் வந்ததும் வரும் திங்கட்கிழமைக்கு மேல் என்னால் தள்ள முடியாது என்றார். அதாவது திங்கட்கிழமை காலை, ஒன்று நான் பொறுப்பாளர், இல்லையென்றால் வாசலுக்கு வெளியே.

இவர் வந்து இறங்கியது வியாழக்கிழமை. பெட்டியைக் கீழே வைக்கும்போதே கேட்டேன். போகிறோமா, எப்போது? "முதல்ல எல்லாரையும் பாத்துட்டு வந்துடலாம்மா. அப்புறம் நிதானமா உக்காந்து பேசலாம்" என்றார். இரண்டு வருஷமாக நிதானமாகத்தான் இருந்தேன். இன்னும் கொஞ்சம் நிதானம் கையிருப்பில் இருந்தது.

வாடகைக் கடைக்காரர் நல்ல மனிதர். ஹெல்மெட் இரண்டையும் மேசைமேல் வைத்து விளக்கினார். உள்ளே ஸ்பீக்கர் இருக்கிறது, மைக் இருக்கிறது, ஓடும்போதே ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளலாம், போனையும் இணைத்துக்கொள்ளலாம். பின்னால் உட்காருகிறவரின் ஹெல்மெட்டில் மட்டும் ஒரு சின்னக் குறை.

"மைக் போயிடுச்சு சார். சார் பேசறது மேடத்துக்குக் கேக்கும். மேடம் பேசறது சாருக்குக் கேக்காது. ஒரு மணி நேரம் இருந்தீங்கன்னா மாத்தித் தந்துடறேன்."

"வேணாம், வேணாம். இதுவே போதும்" என்றார் இவர்.

கடைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். இவரும் சிரித்தார். நான் ஹெல்மெட்டின் வாரை இறுக்கிக்கொண்டேன்.

மகளுக்கு வண்டியில் இடமில்லை. அவளை என் அண்ணி வீட்டில் விட்டோம். விடுவதற்கு முன் பெட்ரோல் டாங்கிமேல் உட்காரவைத்துத் தெருவில் ஒரு சுற்று ஓட்டினார். கேமராவில் சரியாகப் பதியவில்லை என்று இரண்டாவது சுற்றும் ஓட்டினார். கேமராவின் தயவில் குழந்தைக்கு அப்பாவோடு இன்னொரு சுற்று கிடைத்தது.

நான் ஏன் போனேன் என்று கேட்கலாம். சனி, ஞாயிறு இரண்டு நாள் ஒரே வண்டியில் போகிறோம், எங்காவது ஒரு டீக்கடையில், ஒரு மரத்தடியில், இந்த மனிதர் ஹெல்மெட்டைக் கழற்றித்தானே ஆக வேண்டும், அப்போது கேட்டுவிடலாம் என்ற ஆசைதான். ஆனால் டீக்கடையில் ஹெல்மெட்டைக் கழற்றினால் கேமராவைக் கையில் பிடித்தார். மரத்தடியில் நிறுத்தினால் வண்டியை மரத்தோடு சேர்த்துப் படமெடுத்தார். நான் வாயைத் திறந்தபோதெல்லாம் கொஞ்சம் தள்ளி நில், உன் நிழல் சக்கரத்தில் விழுகிறது என்றார்.

ஓடும்போது கேமராவுக்குப் பேசினார். எல்லாம் என் காதுக்குள் விழுந்தது. பயணம்தான் மனிதனைச் செதுக்குகிறதாம். தனிமைதான் ஒரு ரைடரின் நிஜமான நண்பனாம். தனிமையில் போகிறவரின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, இட்டிலித்தட்டு அகலமே இருந்த ஒரு சீட்டில், ஒவ்வொரு பள்ளத்துக்கும் எழும்பி எழும்பி விழுந்துகொண்டிருந்தேன் நான். யாரும் இல்லாத சாலை நண்பர்களே, நானும் என் எண்ணங்களும் மட்டும்தான் என்றார். எனக்கு முதுகெலும்பு ஒன்று இருப்பது அன்றைக்குத்தான் எலும்பெலும்பாகத் தெரிந்தது.

முதலில் அவருடைய சித்தப்பா வீடு. குடிநீர் அலுவலகத்தில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற செய்தியை இன்னும் முழுசாக நம்பாதவர். கோப்பைப் பார்க்கிற மாதிரி வண்டியைச் சுற்றிவந்து பார்த்தார், சங்கிலியைக் குனிந்து நோக்கினார், ம் என்றார். எத்தனை சிசி, எவ்வளவு எடை, லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கிறது என்று விசாரணை நடந்தது. இது சொந்த வண்டி என்று சித்தப்பாவே முடிவு செய்துகொண்டார். ஊருக்கு வரும்போது ஓட்டுவதற்கு ஒன்று இருக்கட்டுமே என்று இவரும் சொல்லிவிட்டார். பின்பக்கத் தகட்டில் வாடகைக் கடையின் பெயரும் போன் எண்ணும் பெரிதாக ஒட்டியிருந்தது. அதன்மேல் தன் கையுறைகளை அழகாகக் காயப்போட்டிருந்தார்.

என்னைப் பற்றிக் கேட்டபோது, சர்ஜரி டிபார்ட்மென்டில் இருக்கிறாள் என்றார். சித்தப்பா முகம் மலர்ந்து, நர்ஸா என்றார்.

"இல்ல மாமா. சர்ஜரி முடிஞ்சதும் கத்தி கத்திரியெல்லாம் கழுவி வைக்கறேன்" என்றேன்.

சித்தப்பா அதைக் கேட்காத மாதிரி டீயைக் குடித்தார். இவர் சட்டென்று குரலை உயர்த்தி, அதெல்லாம் இனிமேல் எதற்கு, இந்த வருஷம் இவர்களையும் கூட்டிக்கொண்டு போகப்போகிறேன் என்று அறிவித்தார். சபை குளிர்ந்தது. பெண்டாட்டி பிள்ளையைக் கூடவே வைத்துக்கொள்கிறவன்தான் ஆண்பிள்ளை என்று சித்தப்பா தீர்ப்பு எழுதினார்.

"எந்த மாசம்னு மாமாகிட்ட சொல்லுங்களேன்" என்றேன்.

"பாத்தீங்களா சித்தப்பா, இப்பவே பெட்டி கட்டிட்டா."

எல்லாரும் சிரித்தார்கள். கேள்வி சிரிப்புக்குள் எங்கேயோ விழுந்து காணாமல் போனது. அங்கிருந்து கிளம்பி வெகு தூரத்துக்கு என் காதுக்குள் ஒரே பாட்டு: கழுவுகிறேன் என்று அங்கே எதற்குச் சொன்னாய், யாராவது கேட்டார்களா, என் மரியாதை என்ன ஆவது. பதில் சொல்ல எனக்கு நிறைய இருந்தது. சொன்னேன்கூட. ஹெல்மெட்டுக்குள் என் மூச்சுதான் என் முகத்தில் திரும்பி அடித்தது.

அன்று சாயங்காலம் அவருடைய கல்லூரி நண்பர் வீடு. பேனர் அச்சடிக்கும் தொழில். நண்பனை வரவேற்றுத் தெருமுனையிலேயே ஒன்றைக் கட்டியிருந்தார். இவர் போனில் அனுப்பிய படம்தான், ஆளுயரத்துக்கு. வானத்தில் கழுகு ஒன்று புதிதாகச் சேர்ந்திருந்தது. இவருடைய தொப்பை குறைந்திருந்தது. பின்சீட்டில் இருந்த என்னை வெட்டியிருந்தார்கள், ஒரு முழங்கை மட்டும் மிச்சம். கழுகுக்கு இடம் வேண்டுமில்லையா என்று நண்பர் வருத்தம் தெரிவித்தார். அந்த முழங்கையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். நண்பரின் மனைவி மட்டும்தான் வெந்நீர் கொண்டுவந்து வைத்து, இடுப்பு வலிக்கிறதா என்று கேட்டாள். அவளிடம் இல்லை என்று சொல்லிவிட்டேன். கோபத்தைத் தப்பான இடத்தில் செலவழித்துவிடக் கூடாது என்று பயம்.

மறுநாள் காலையில் அவருடைய அத்தை வீட்டுக்குப் போகிற வழியில்தான் அந்த போன் வந்தது.

மணி அடித்தது என் காதிலும்தான். எடுத்தார். எதிர்முனையில் அவரோடு அங்கே ஒரே அறையில், அடுக்குக் கட்டில்களில் தங்கியிருக்கிறவர்.

"மச்சி, உன் கீழ்க் கட்டிலைப் புதுசா வந்த ஆள் கேக்கறான். நீ வீடு எடுத்துப் போறதா சொன்னியே, குடுத்துடட்டுமா?"

"யார் சொன்னா? கட்டில் எனக்குத்தான். யாருக்கும் குடுத்துடாதே."

"அப்ப குடும்பம் வரலையா?"

"விண்ணப்பமே போடலையேப்பா. போட்டாத்தானே வரும்."

அவர் சிரித்தார். இவரும் சிரித்தார். வாடகைக் கடையில் கேட்ட அதே சிரிப்பு, இந்தத் தடவை என் இரண்டு காதுக்குள்ளும்.

"வீட்ல கேப்பாங்களே?"

"கேப்பா. ஆபீஸ்ல இழுத்தடிக்கறாங்கன்னு சொன்னா ஒரு வருஷம் ஓடிடும். முதல்ல அந்தக் கழுவற வேலையை விட்டுத் தொலைக்கட்டும். நாலு பேர்கிட்ட சொல்லிக்கவே முடியல. விட்டுட்டா அத்தை வீட்டுப் பக்கத்துலயே ஒரு வீட்டைப் பாத்துப் போட்டுடுவேன், அத்தை பாத்துக்குவாங்க."

நான் பின்னால் இருப்பது அவருக்கு மறந்தேபோய்விட்டது. இதில் தந்திரம் எதுவும் இல்லை, சத்தியமாக மறந்துவிட்டார். ஒரு நாள் முழுக்கப் பேசி ஒரு பதில்கூட வராத இடத்தில் ஆள் இருக்கும் என்று யாருக்குத்தான் தோன்றும். போனை வைத்துவிட்டுக் கேமராவைப் போட்டார். "குடும்பம்தான் நம்ம பலம் நண்பர்களே" என்றார்.

கையை மடக்கி அவர் தோளில் குத்தினேன். அங்கே பலகை. என் விரல்தான் வலித்தது.

"டீயா? இன்னும் கொஞ்ச தூரம்தான். அத்தை வீட்ல குடிச்சுக்கலாம்."

மறுபடியும் குத்தினேன்.

"ஆடாதேம்மா, பேலன்ஸ் போகுது."

நிறுத்து நிறுத்து என்று கத்தினேன். ஹெல்மெட் கண்ணாடி முழுக்க ஆவி படிந்து, சாலை, மரம், அவர் முதுகு எல்லாம் வெள்ளையாகப் போய்விட்டது. அந்த வெள்ளைக்குள் உட்கார்ந்துகொண்டுதான் மீதி தூரத்தைக் கடந்தேன். அழவில்லை. அழுதால் மூக்கைத் துடைக்கக்கூட அந்த ஹெல்மெட்டுக்குள் வழியில்லை. எழுதிக் கொடுத்த விலகல் தாளில் என் கையெழுத்து எப்படி விழுந்தது, மேட்ரன் அதை வாங்கும்போது எப்படிப் பார்த்தார் என்பதெல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. பதினோரு வருஷம் ராத்திரியும் பகலுமாக நின்று வாங்கிய இடம். அதை இந்த மனிதர் ஒரு கீழ்க் கட்டிலில் படுத்துக்கொண்டு, கால்மேல் கால் போட்டு, போனில் பிடுங்கியிருக்கிறார்.

அத்தை வீட்டில் கல்யாண வீடு மாதிரிக் கூட்டம். கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள், சித்தப்பாவும் பஸ்ஸில் முன்னாடியே வந்து நடுநாற்காலியைப் பிடித்திருந்தார். அத்தையின் மருமகள், இருபத்தைந்து வயசு இருக்கும், தட்டோடு சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே இருந்தாள். அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. இங்கே ஒண்ணு, அங்கே ரெண்டு என்று டம்ளர் கணக்குதான்.

இவர் உட்காரவில்லை. உட்கார முடியாது என்பதை முன்பே சொன்னேன். ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடுக்கூடத்தில் நின்று பேசினார். உறவுகள் என்றார், வேர்கள் என்றார். கடைசியில் அந்த அறிவிப்பும் வந்தது. மூன்றே மாசத்தில் இவர்களைக் கூட்டிக்கொள்வேன், விசா கையெழுத்தாகிவிட்டது. நேற்று இந்த வருஷமாக இருந்தது இன்றைக்கு மூன்று மாசமாகச் சுருங்கிவிட்டது. அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"விண்ணப்பமே போடலையேப்பா. போட்டாத்தானே வரும்" என்றேன் நான்.

குரலை உயர்த்தவில்லை. அவர் சொன்ன மாதிரியே, அந்தச் சிரிப்பு இருந்த இடத்தில் சிரிப்பை மட்டும் விட்டுவிட்டுச் சொன்னேன். பிறகு மீதியையும் சொன்னேன். கீழ்க் கட்டில், ஆபீஸில் இழுத்தடிப்பு, ஒரு வருஷம் ஓடிவிடும், கழுவுகிற வேலையை விட்டுத் தொலைக்கட்டும். ஒரு சொல் விடவில்லை. எங்கள் பிரிவில் ஒரு இடுக்கி குறைந்தால் பொட்டலம் கட்டமாட்டோம், அந்தப் பழக்கம்.

இவர் முகம் முதலில் வெளுத்தது. அப்புறம் என் கையில் இருந்த ஹெல்மெட்டைப் பார்த்தார். அப்போதுதான் புரிந்தது அவருக்கு.

இப்போது யாராவது ஒருவர், ஒரே ஒருவர், ஏண்டா இப்படிச் செய்தாய் என்று இவரைக் கேட்பார்கள் என்று நின்றேன். சித்தப்பாதான் முதலில் வாயைத் திறந்தார்.

"கீழ்க் கட்டில்னா? அங்க உனக்குத் தனி வீடு இல்லையா?"

பிடித்துக்கொண்டது கூட்டம். ஒரு அறையில் எத்தனை பேர், கம்பெனி வீடு கொடுத்ததாகச் சொன்னாயே, அந்த மாடியில் நின்று எடுத்த படம் யாருடைய மாடி? கேள்விமேல் கேள்வி. இவரும் அதற்கெல்லாம் பதில் சொல்லத் தொடங்கிவிட்டார். தற்காலிகம்தான் சித்தப்பா, அங்கே எல்லாருமே அப்படித்தான், கீழ்க் கட்டில் கிடைப்பதே சீனியர்களுக்குத்தான். வியர்த்து வழிந்தது. அவர் ஏமாற்றியது ஒரு பெண்ணை, ஒரு குழந்தையை, ஒரு வேலையை. அது அந்தக் கூடத்தில் யாருக்கும் உறைக்கவில்லை. மாடி வீட்டில் இருக்கிறான் என்று நம்பியிருந்த பிள்ளை அடுக்குக் கட்டிலில் படுக்கிறான் என்பதுதான் அவர்களுக்கு இழவு செய்தி. எனக்கு அவர்மேல் இருந்த கோபம் அப்போது கூடம் முழுக்கப் பரவியது, நாற்காலி நாற்காலியாக.

அத்தை என்னைப் பக்கத்தில் இழுத்தார். "ஏம்மா, இதையெல்லாம் புருஷன் பெண்டாட்டி தனியா பேசிக்கக் கூடாதா? இப்படியா நாலு பேர் முன்னாடி."

"தனியா பேசத்தான் அத்தை, ரெண்டு நாளா அவர் பின்னாடியே உக்காந்து வந்தேன்."

அங்கேயே, எல்லார் முன்னாலும், மேட்ரனைப் போனில் கூப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை, எடுக்கமாட்டார் என்று நினைத்தேன். எடுத்தார்.

"நாளைக்கு வந்துடறேன் மேடம். நான் எழுதிக் குடுத்ததைக் கிழிச்சுடுங்க. பொறுப்பை எடுத்துக்கறேன்."

வீட்டுக்காரர் என்ன சொன்னார் என்று கேட்டார்.

"எல்லாம் சொல்லிட்டார் மேடம்" என்றேன்.

இவர் இப்போதுதான் என் பக்கம் திரும்பினார். யாரைக் கேட்டு போன் செய்தாய் என்று ஆரம்பித்து, கூட்டம் பார்ப்பதைக் கவனித்துக் குரலைத் தணித்துக்கொண்டார். "வண்டியில ஏறு. போற வழியில பேசிக்கலாம்."

"வழியில பேசினதெல்லாம் கேட்டாச்சுங்க" என்றேன். ஹெல்மெட்டைச் சித்தப்பாவின் மடியில் வைத்தேன். அவர் அதையும் கோப்பு மாதிரி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். என் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். பின்னால் யாரோ, இந்த வண்டியாவது சொந்தமா என்று கேட்பது காதில் விழுந்தது.

பஸ் நிறுத்தம் தெருக்கோடியில். வெயிலில் நின்றேன். மகளுக்கு என்ன சொல்வது என்று யோசித்தேன். அப்பா போகும் நாள் வரைக்கும் எங்கே படுப்பார், அவர் பெட்டியை எடுத்து வெளியே வைப்பதா வேண்டாமா என்பது வரைக்கும் யோசனை ஓடியது. வைப்பது என்று முடிவு செய்தேன். அந்த முடிவுக்குப் பிறகும் கோபம் தணியவில்லை. கோபம் என்னோடு சாவகாசமாக நின்று, அதுவும் பஸ்ஸுக்குக் காத்திருந்தது.

யாரோ வேகமாக நடந்துவரும் சத்தம். அத்தையின் மருமகள். கையில் காலி பால் பாத்திரம். பால் வாங்க என்று சொல்லிவிட்டு வந்திருப்பாள். மூச்சிரைக்க என் பக்கத்தில் வந்து நின்று, திரும்பி வீட்டு வாசலைப் பார்த்துக்கொண்டாள். ஆறுதல் சொல்லப்போகிறாள் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"அக்கா, அந்தக் கழுவற வேலைக்கு இன்னும் ஆள் எடுப்பாங்களா?"

நான் அவளைப் பார்த்தேன். கேலி இல்லை.

"பத்தாவது பாஸ் பண்ணியிருக்கேன். கை சுத்தமா இருக்கும்."

"எடுப்பாங்க. எங்க இடத்துல ஒரு ஆள் குறையுது" என்றேன். "உன் நம்பரைச் சொல்லு, நாளைக்கே கேட்டுட்டுக் கூப்பிடறேன்."

"கூப்பிடாதீங்கக்கா. போன் அவர் சட்டைப் பையிலதான் இருக்கும்."

பஸ் திருப்பத்தில் தெரிந்தது. சீக்கிரமாகச் சொன்னேன். ஆஸ்பத்திரியின் பெரிய வாசலில் நிற்காதே, அங்கே டோக்கன் கேட்பார்கள். பின்பக்கம் துணி வண்டி வருகிற கதவு ஒன்று இருக்கும், அங்கே வந்து என்னைக் கேள். யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டால் பொறுப்பாளரை என்று சொல்.

"என்னிக்கு வரட்டும்?"

"என்னிக்கு வெளிய வர முடியுமோ அன்னிக்கு."

கண்டக்டர் ஏறுங்க ஏறுங்க என்று படியைத் தட்டினார். ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அவள் பால் கடைப்பக்கம் போகாமல், பாத்திரத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, உதடு அசைய ஏதோ சொல்லிப் பார்த்துக்கொண்டு நின்றாள். பின்பக்கம், துணி வண்டி, பொறுப்பாளர்.